நாலரை வயது மகளோடு என்ன செடி வைக்கலாம்?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன். வீடு சென்னையில், மூன்றாம் மாடி. பால்கனி கிழக்குப் பார்த்தது, காலை 11 மணியோடு வெயில் போய்விடும். மொட்டை மாடியில் இரண்டு மூன்று தொட்டி வைத்துக்கொள்ளத் தடையில்லை. மகளுக்கு நாலரை வயது. ஆன்லைனில் குழந்தைகளுக்கான தோட்டம் என்று ஒரு பெட்டி வாங்கினீர்கள். அதில் குடைமிளகாய், செர்ரி தக்காளி, ஸ்ட்ராபெர்ரி விதைகள் இருந்தன. ஒன்று முளைக்கவே இல்லை, மற்றவை நெடுநெடுவென வளர்ந்து சாய்ந்துவிட்டன. பாப்பாவுக்கு ஆர்வம் விட்டுப்போய்விட்டது. சாப்பிடக்கூடியதாக, சுலபமாக, ஆபத்தில்லாததாக எதில் மறுபடி தொடங்கலாம்? மே மாதம் ஊருக்குப் போகும்போது தண்ணீருக்கு என்ன வழி?

முதலில் ஒன்று: உங்கள் கை ராசி எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. குடைமிளகாய்க்குக் குளிர்ச்சி வேண்டும். ஸ்ட்ராபெர்ரி ஊட்டி, கொடைக்கானல் பக்கத்துப் பயிர். அதன் விதை தூசி அளவுதான் இருக்கும், முளைக்க வாரக்கணக்கில் ஆகும். தக்காளி சென்னையில் நன்றாகவே வரும், ஆனால் நாளைக்குக் குறைந்தது 6 மணி நேரம் நேர் வெயில் படவேண்டும். வெளிச்சம் போதாத இடத்தில் நாற்று வெயிலைத் தேடி உயர்ந்துகொண்டே போய், தண்டில் பலமில்லாமல் படுத்துவிடும். உங்களுக்கு நடந்தது அதுதான். பெட்டியில் ஓர் அழகான படம் இருந்திருக்கும், சென்னை வெயிலைப் பற்றி ஒரு வரி இருந்திருக்காது.

பெரியவர்கள் செடி வாங்கும்போது எவ்வளவு காய்க்கும் என்று பார்க்கிறோம். நாலரை வயதுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. இன்றைக்கு என்ன ஆச்சு என்பதுதான் அவள் கணக்கு. விதை போட்ட இரண்டு மூன்று நாளில் ஏதாவது கண்ணில் படவேண்டும், ஒரு மாதத்துக்குள் ஏதாவது தட்டுக்கு வரவேண்டும், நடுவில் அவள் கைக்கு ஒரு வேலை இருந்துகொண்டே இருக்க வேண்டும். இதை வைத்துத் தேடினால் விதைக் கடைக்கே போக வேண்டாம். அஞ்சறைப் பெட்டியும், பருப்பு டப்பாக்களும், கீரைக்காரம்மா தரும் கட்டும் முதல் இரண்டு மாதத்துக்குப் போதும்.

முதல் நாள் மண்ணையே தொடாதீர்கள். சமையலறை டப்பாக்களைத் தரையில் இறக்கி, எது முளைக்கும், எது முளைக்காது என்று அவளிடமே கேளுங்கள். பச்சைப்பயறு ஒரு பிடி, பாசிப்பருப்பு ஒரு பிடி. கொண்டைக்கடலை, பொட்டுக்கடலை. தோல் கறுப்பு உளுந்து, உடைத்த வெள்ளை உளுந்து. கேழ்வரகு, அரிசி. ஒவ்வொன்றிலும் பத்து எண்ணி (அவளே எண்ணட்டும்) இரவு ஊறவைத்து, காலையில் தண்ணீரை வடித்து, ஈரத்துணியில் தனித்தனியாக மூடிவையுங்கள். மறுநாளே பச்சைப்பயறில் வெள்ளையாக ஒரு மூக்கு எட்டிப்பார்க்கும். கொண்டைக்கடலையும் கேழ்வரகும் கொஞ்சம் தள்ளி வரும். பாசிப்பருப்பும் பொட்டுக்கடலையும் அரிசியும் ஊறி உப்பிக் கிடக்குமே தவிர, மூன்றாம் நாள் வாடைதான் வரும். ஏன் என்று கேட்பாள். உடைத்தது முளைக்காது, வறுத்தது முளைக்காது, அரிசி ஆலையில் உமியும் தவிடும் போகும்போது முளைக்கிற கருவும் போய்விடும் என்று சொல்லலாம். இத்தனையும் ஒரே நாளில் சொல்லாதீர்கள். கேட்கும்போது ஒவ்வொன்றாகச் சொன்னால் போதும்.

முளைத்த பயறில் பாதியை ஆவியில் வேகவைத்து, தேங்காய் துருவிப் போட்டுச் சுண்டலாகக் கொடுத்துவிடுங்கள். பச்சையாக வேண்டாம். ஈரமும் சூடும் சேர்ந்த இடத்தில் முளை வளர்கிற வேகத்தில் கிருமியும் வளரும், அதனால் 5 வயதுக்குட்பட்டவர்களுக்கு முளைகட்டிய எதையும் வேகவைத்தே தருவது நல்லது. மீதிப் பாதி மண்ணுக்கு.

இங்கேதான் கொட்டாங்குச்சி வருகிறது. தேங்காயின் மூன்று கண்ணில் ஒன்று மெத்தென்று இருக்குமல்லவா, அதைக் குத்தினால் வடிகால் தயார். துளையின் மேல் தேங்காய் நார் கொஞ்சம், அதன் மேல் மண். கண் இருக்கிற பாதியைத்தான் எடுக்க வேண்டும் என்று அவளைத் தேடச் சொல்லுங்கள். மண்ணில் விதையை ஊன்றிய மூன்று நான்கு நாளில் பயறு தலையை வளைத்துக்கொண்டு மேலே வரும். அது நிமிர்வதற்கு ஒரு பகல் போதும். காலையில் பள்ளிக்குப் போகும்முன் ஒரு தடவை, மாலையில் வந்ததும் ஒரு தடவை பார்த்தால் வித்தியாசம் அவளுக்கே தெரியும்.

இன்னொரு கொட்டாங்குச்சியில் வெந்தயம். முதல் பயிர் எது என்று ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் வெந்தயத்தைத்தான் சொல்வேன். இரவு ஊறவைத்து, மண்மேல் நெருக்கமாகத் தூவி, மேலே ஒரு மெல்லிய அடுக்கு மண் போட்டால் முடிந்தது. விதை விரலுக்கு அகப்படுகிற அளவு, நெருக்கமாக விழுந்தாலும் பரவாயில்லை, காலை வெயில் போதும், இரண்டு மூன்று நாளில் முளை. எட்டுப் பத்து நாளில் இரண்டு விரல் உயரம் வந்ததும் கத்தரிக்கோலால் வெட்டி, தோசை மாவில் தூவலாம். பாதியை வெட்டாமல் விட்டால் 20 முதல் 25 நாளில் வெந்தயக் கீரையாக வளர்ந்து நிற்கும். குழந்தைக் கத்தரிக்கோலால் தானே வெட்டி, தானே தோசைமேல் தூவுகிற அந்த ஒரு வேலைக்காகவே இது முதலிடத்துக்குத் தகும். கசக்கிறது என்று தள்ளிவைத்தால் தள்ளிவைக்கட்டும், அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

கிராமத்து அம்மன் கோயில் திருவிழாக்களில் முளைப்பாரி பார்த்திருப்பீர்கள். இருட்டறையில் வளர்ப்பதால் பயிர் வெளிர் மஞ்சளாக, நெட்டையாக இருக்கும். அதையே வீட்டில் செய்து பாருங்கள். நாட்டு மருந்துக் கடையில் நவதானியப் பொட்டலம் கிடைக்கும். நெல், கோதுமை, துவரை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, மொச்சை, எள், உளுந்து, கொள்ளு எல்லாம் அதில் உண்டு. இரண்டு சட்டியில் விதைத்து, ஒன்றைக் கூடையால் கவிழ்த்து மூடிவிடுங்கள், இன்னொன்று பால்கனியில் இருக்கட்டும். ஒரு வாரம் கழித்துக் கூடையைத் தூக்கும்போது மூடியிருந்தது உயரமாக இருக்கும், வெயிலில் இருந்தது பச்சையாக இருக்கும். எது ஜெயித்தது என்று ஒரு பெரிய வாக்குவாதம் நிச்சயம். அப்புறம் மஞ்சள் சட்டியை வெயிலில் வைத்தால் ஓரிரண்டு நாளில் பச்சை ஏறுவதையும் பார்க்கலாம். குடைமிளகாய் நாற்று ஏன் சாய்ந்தது என்பதற்கும் அவளுக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும். ஆனால் இந்தக் கலவை பார்ப்பதற்கு மட்டும்தான். மொச்சை முளை போன்றவற்றைப் பச்சையாகத் தின்னக் கூடாது.

இதற்குள் இரண்டு வாரம் ஓடியிருக்கும். அடுத்தது விதையே இல்லாத செடிகள். புதினாக் கட்டு வாங்கும்போது தடித்த தண்டாக நான்கைந்து ஒதுக்கி, கீழ் இலைகளை உருவிவிட்டு, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஜன்னலோரம் வையுங்கள். தண்ணீரை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்ற வேண்டும், அது அவள் வேலை. ஒரு வாரத்துக்குள் கணுவிலிருந்து வெள்ளை வேர் இறங்கும். கண்ணாடி டம்ளர் என்பது முக்கியம், வேரைப் பார்ப்பதுதான் இதில் விளையாட்டே. வேர் ஓர் அங்குலம் வந்ததும் தொட்டிக்கு மாற்றலாம். புதினாவுக்கு உங்கள் பால்கனி வெயில் தாராளம். ஆனால் அதைத் தனித் தொட்டியில் வையுங்கள், பக்கத்தில் எதையும் வாழவிடாது.

பொன்னாங்கண்ணியும் அப்படியே, சமைத்தது போக மிச்சத் தண்டை மண்ணில் ஊன்றினாலே பிடித்துக்கொள்ளும். கற்பூரவல்லிக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. தெரிந்தவர் வீட்டிலிருந்து ஒரு கிளை ஒடித்துவந்து செருகிவிடுங்கள், தண்ணீர் ஊற்ற மறந்தாலும் மன்னிக்கிற செடி. தடித்த, சொரசொரப்பான இலை. தொட்டாலே கையில் மணம் ஒட்டும். குழந்தைகள் அதை முகர்ந்துகொண்டே இருப்பார்கள். மழை நாளில் அந்த இலையைக் கடலை மாவில் தோய்த்து பஜ்ஜி போட்டால் வாழைக்காய் பஜ்ஜியை யாரும் தேடமாட்டார்கள்.

கொடிப்பசலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பால்கனிக் கம்பியில் தானாக ஏறும், இலையைப் பருப்பில் போடலாம். ஆனால் அவளுக்குப் பிடிக்கப்போவது அதன் பழம். மிளகைவிடச் சற்றுப் பெரிதாக, கருஊதா நிறத்தில் கொத்துக் கொத்தாக வரும். நசுக்கினால் கை முழுக்க ஊதா மை. காகிதத்தில் விரல் தடம் பதிப்பது, தோசை மாவில் ஒரு சொட்டு விட்டு இளஞ்சிவப்புத் தோசை கேட்பது எல்லாம் நடக்கும். துணியில் பட்டால் லேசில் போகாது, பழைய சட்டையைப் போட்டுவிடுங்கள்.

சின்ன வெங்காயம் முளைவிட்டிருந்தால் தூக்கிப் போடாமல் கழுத்துவரை மண்ணில் புதைத்துவையுங்கள். இரண்டு வாரத்தில் தாள் வெட்டி முட்டையில் போடலாம். இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

கொத்தமல்லியைப் பலரும் முதலில் சொல்வார்கள். எனக்கு அதில் அவ்வளவு உடன்பாடு இல்லை. நாம் ஒரு விதை என்று நினைக்கும் உருண்டைக்குள் இரண்டு விதை ஒட்டியிருக்கும், அதைச் சப்பாத்திக் கட்டையால் லேசாக அழுத்தி இரண்டாகப் பிரித்து ஊறவைத்துப் போட வேண்டும். அந்த வேலை குழந்தைக்குப் பிடிக்கும்தான். ஆனால் முளைக்க எட்டிலிருந்து பன்னிரண்டு நாள் ஆகும். பத்து நாள் வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க நாலரை வயதால் முடியாது. ஐந்தாம் நாள் விரலை விட்டுத் தோண்டிவிடுவாள். போதாக்குறைக்கு கோடை வெயிலில் கொத்தமல்லி சோர்ந்துவிடும், இல்லை சீக்கிரமே பூத்துவிடும். மார்கழி, தை வரட்டும், அப்போது போடுங்கள். பக்கத்திலேயே வேகமாக முளைக்கிற வெந்தயமோ கீரையோ இருந்தால் காத்திருப்பதும் தெரியாது.

கீரைக்கு வருவோம். உங்கள் பால்கனிக்கு ஏற்ற நிஜமான பயிர் இதுதான். முளைக்கீரையோ சிறுகீரையோ போட்டால் 25 நாள் அளவில் வேரோடு பிடுங்கலாம். அரைக்கீரை என்றால் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும், பல வாரம் வரும். விதை கடுகைவிடச் சின்னது. குழந்தை கையில் கொடுத்தால் மொத்தமும் ஒரே இடத்தில் கொட்டும். ஒரு சிட்டிகை விதைக்கு ஒரு கைப்பிடி காய்ந்த மணல் கலந்து கொடுங்கள், கோலப்பொடி தூவுவதுபோல் அவளே பரவலாகத் தூவிவிடுவாள். மேலே மண்ணை அள்ளிக் கொட்ட வேண்டாம், உள்ளங்கையால் தட்டிவிட்டால் போதும். தண்ணீரைத் தெளிக்க வேண்டும், ஊற்றினால் விதை எல்லாம் ஓர் ஓரமாக ஒதுங்கிவிடும். பழைய தண்ணீர் பாட்டில் மூடியில் சூடான ஊசியால் (அதை நீங்கள் செய்யுங்கள்) பத்துப் பன்னிரண்டு துளை போட்டால் நல்ல பூவாளி.

கீரை விதைக்கு எறும்புதான் எதிரி. வரிசையாக வந்து தூக்கிக்கொண்டு போகும். தொட்டியைச் சுற்றிக் கொஞ்சம் ரவையோ அரிசிமாவோ தூவிவிட்டால் அதைத் தூக்குவதில் மும்முரமாகிவிடும், அந்த மூன்று நான்கு நாளில் விதை முளைத்துவிடும். எறும்புக்கு ரவை போடுகிற பொறுப்பை நான் பார்த்த எந்தக் குழந்தையும் மறந்ததில்லை.

கீரை முளைத்ததும் நெருக்கமாக இருக்கிற இடத்தில் சில நாற்றுகளைப் பிடுங்கிக் களைந்துவிட வேண்டும். எங்கள் அடுக்ககத்து வாண்டு ஒன்று இதை முதல் தடவை செய்தபோது, ஒவ்வொன்றாகப் பிடுங்கி, வேரை உற்றுப் பார்த்து, மண்ணை ஊதி, தன் அம்மாவின் உள்ளங்கையில் வரிசையாக அடுக்கிக்கொண்டே வந்தது. முடித்ததும் சட்டியில் பாதிக்கு மேல் காலி. பிடுங்கியதைக் கழுவி அப்படியே ரசத்தில் போட்டார்கள். ஆகவே கொஞ்சம் அதிகமாகவே விதைத்துவையுங்கள். குழந்தையோடு வளர்க்கும் தோட்டத்தில் பாதி, வேர் வந்துவிட்டதா என்று பார்ப்பதிலேயே போய்விடும். அதைத் தடுக்காதீர்கள்.

இனி மொட்டை மாடி. மூன்று தொட்டி வைக்கலாம் என்றால் இரண்டில் வெண்டை போடுங்கள். விதை பெரியது, பிஞ்சு விரலால் ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றலாம். இரவு ஊறவைத்தால் நான்கைந்து நாளில் முளைக்கும். வெயிலுக்கு அஞ்சாது. 12 அங்குலத் தொட்டிக்கு ஒரு செடி, பெரிய பை என்றால் இரண்டு. 45 நாள் அளவில் முதல் காய். மஞ்சள் பூ, நடுவில் கருஞ்சிவப்பு, காலையில் விரிந்து அன்றைக்கே வாடிவிடும். அங்கிருந்து கணக்கு எளிது, பூத்த ஐந்தாறு நாளில் காயைப் பறிக்கலாம். பூத்த அன்று காம்பில் ஒரு நூல் கட்டிவிட்டு, தினமும் காலண்டரில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் முற்றி நாராகிவிடும், செடியும் காய்ப்பதைக் குறைத்துக்கொள்ளும். காயின் சுனை சில குழந்தைகளுக்குக் கையில் அரிக்கும், முழுக்கைச் சட்டை நல்லது. பறித்த வெண்டையை அங்கேயே கடித்துப் பார்ப்பார்கள். கழுவிவிட்டுக் கடிக்கட்டும். தட்டில் பொரியலாக வைத்தால் தொடாத குழந்தை, மாடியில் பச்சையாக இரண்டு தின்னும்.

மூன்றாவது தொட்டிக்கு நிலக்கடலை. சாப்பாட்டுக் கணக்கில் பார்த்தால் நஷ்டம், ஒரு செடியில் இரண்டு கைப்பிடி வந்தால் அதிகம். ஆனால் பார்ப்பதற்கு இதற்கு இணையான செடி கிடையாது. வறுக்காத, தோல் உரியாத கடலையை ஊன்றுங்கள். ஒரு மாத அளவில் மஞ்சள் பூ வரும். பூ வாடியபின் அதன் அடியிலிருந்து ஊசி போன்ற ஒரு விழுது கிளம்பி, கீழே வளைந்து, மண்ணைத் தேடிப் போய்க் குத்தி உள்ளே இறங்கும். அதன் நுனியில்தான் கடலை பிடிக்கும். தினமும் அது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று படுத்துக்கொண்டு பார்க்கலாம். மண் இளக்கமாக இருக்க வேண்டும், இறுகியிருந்தால் விழுதால் உள்ளே போக முடியாது. 105 நாள் அளவில் பிடுங்கும்போது வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் தெரியும். அவை காற்றில் உள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்துத் தருகிற நுண்ணுயிர்களின் வீடு. இதை நோய் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். கடலையை வேகவைத்து நன்றாக மசித்துக் கொடுங்கள், இந்த வயதில் முழுக் கடலை தொண்டையில் சிக்கக்கூடும். கடலை ஒவ்வாமை உள்ள குழந்தை என்றால் இதை விட்டுவிட்டு காராமணி போடுங்கள், அதன் வேரிலும் அதே முடிச்சுகள் உண்டு.

மிளகாய் வேண்டாம். நட்டு வளர்ப்பது சுலபம்தான், ஆனால் தொட்ட கை கண்ணுக்குப் போகாமல் இருக்காது. மணத்தக்காளி வைத்தால் கறுத்து நன்றாகப் பழுத்த பழத்தை மட்டும்தான் தின்ன வேண்டும் என்பதைக் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள். பச்சைக் காயைப் பச்சையாகத் தின்னக் கூடாது, அது வற்றலுக்குத்தான். தக்காளி இலை, தண்டு வாயில் போகக் கூடாது. அரளி, ஊமத்தை, எருக்கு எதுவும் அதே இடத்தில் இருக்கவே கூடாது. எதைத் தின்பதற்கு முன்பும் அம்மாவிடமோ அப்பாவிடமோ காட்டிவிட்டுத்தான் என்பது முதல்நாள் முதலே சட்டமாக இருக்கட்டும். இந்தச் செடியைத் தின்னலாம் என்று சொல்லிக்கொடுக்கும்போது எல்லாச் செடியையும் தின்னலாம் என்று அவள் எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு.

விதையிலும் ஒரு கவனம் வேண்டும். கடையில் வாங்கும் பொட்டலத்தில் சில விதைகள் இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ பச்சையாகவோ சாயம் பூசியதுபோல் இருக்கும். அது பூஞ்சைக்கொல்லி மருந்து. அதைக் குழந்தை கையில் கொடுக்கவே கூடாது, பொட்டலத்தில் மருந்து தடவியது என்று அச்சடித்திருப்பார்கள், பாருங்கள். வெண்டை விதை வாங்கும்போது மருந்து தடவாததாகக் கேட்டு வாங்குங்கள். அப்புறம் பயறு, கடலை எதுவானாலும் மூக்கில் போட்டுக்கொள்கிற வயது இது. ஈரத்தில் விதை ஊறிப் பெருத்துவிடும், அப்படி நடந்தால் வீட்டில் நோண்டாமல் உடனே டாக்டரிடம் போய்விடுங்கள்.

மண் கலவைக்கு செம்மண், தென்னைநார்க் கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம பங்கு. தென்னைநார்க் கழிவு, அதாவது கோகோபீட், கட்டியாக விற்கும். 650 கிராம் கட்டி ஒன்றை வாளியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் பொங்கி எட்டு ஒன்பது லிட்டர் ஆகும். அதைப் பார்ப்பதே அரை மணி நேரக் கூத்து. அதில் உப்பு இருக்கும், இரண்டு தடவை அலசிப் பிழிந்துவிட்டுச் சேருங்கள். பச்சைச் சாணம் வேண்டாம், மக்கியதுதான் சரி. பூனை வந்துபோகிற மாடி என்றால் தொட்டி மேல் பழைய வலை ஒன்றைப் போட்டுவையுங்கள், புறாவுக்கும் அதுவே காவல். வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும், நகத்தையும் வெட்டியிருக்க வேண்டும். ஒன்றரை வயதில் போடும் முத்தடுப்பு ஊசியின் பூஸ்டர் போட்டாயிற்றா என்று அட்டையைப் பார்த்துக்கொள்ளுங்கள், அடுத்தது 5 முதல் 6 வயதுக்குள் வரும். மண்ணில் கைவைக்கிற குழந்தைக்கு டெட்டனஸ் பாதுகாப்பு விடுபடக் கூடாது. தமிழ்நாட்டுத் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டத் தளைகள் (அதாவது கிட்) தருவதுண்டு, பைகளும் கோகோபீட்டும் விதையும் சேர்ந்து வரும். கிடைக்கிற சமயமா என்று உங்கள் பகுதித் தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

குழந்தைத் தோட்டத்தில் செடி சாவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: அளவுக்கு மீறிய தண்ணீர். அவளுக்கு மிகவும் பிடித்த வேலை அது, ஒரு நாளைக்கு ஆறு தடவை ஊற்றுவாள். ஊற்றாதே என்று சொல்வதைவிட விரலை மண்ணில் முதல் கணுவரை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மண் விரலில் ஒட்டினால் செடிக்குத் தாகமில்லை, ஒட்டாவிட்டால் ஒரு டம்ளர். அளவுக்கென்று ஒரு டம்ளரை ஒதுக்கிவிடுங்கள். மிச்ச ஆசைக்கு ஒரு வாளித் தண்ணீரும் வெறும் மண் இருக்கிற ஒரு தொட்டியும் கொடுத்தால் போதும், அதில் எவ்வளவு வேண்டுமானாலும் கொட்டட்டும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்கும் தண்ணீரை மட்டும் வாரம் ஒரு தடவையாவது கொட்டிக் காயவையுங்கள். டெங்கு கொசுவுக்கு முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். தட்டைக் கவிழ்க்க ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு நாளை வைத்துக்கொள்ளுங்கள்.

பூச்சி வரும். வெண்டையில் அசுவினி (சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி), மாவுப்பூச்சி இரண்டும் வரும். மாவுப்பூச்சியைப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் தண்ணீரில் கழுவிவிடுவது அவளுக்கேற்ற வேலை. அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் நீங்கள் தெளியுங்கள், அவளைத் தள்ளி நிறுத்திவிட்டு. அதற்கு முன் இலையைத் திருப்பிப் பாருங்கள். சிவப்பில் கறுப்புப் புள்ளி வைத்த பொறிவண்டு இருந்தால் மருந்து வேண்டாம், அசுவினியை அது தின்று தீர்க்கட்டும். கறிவேப்பிலையில் எச்சம்போல் ஒரு புழு இருந்தாலும் நசுக்காதீர்கள், பட்டாம்பூச்சியாகிற புழு அது. நாலு கொத்து கறிவேப்பிலை போனால் போகட்டும். கீரையைவிட அந்தப் புழு அவளை அதிக நாள் கட்டிவைக்கும்.

சாப்பிடுவதைப் பற்றி இப்போது சொல்கிறேன். தானே வளர்த்ததால் எல்லாக் காயையும் தின்றுவிடும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம் உங்களுக்குத்தான். சிலது தின்னும், சிலது துப்பும். தட்டில் வைத்து, நீதானே வளர்த்தாய் சாப்பிடு என்று கட்டாயப்படுத்தினால், அடுத்த தடவை விதை ஊன்றக் கூப்பிடும்போது வரமாட்டாள். பாட்டிக்குக் கொடு, பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடு என்று விட்டுவிடுங்கள். தன் கீரையை இன்னொருவர் சாப்பிடுவதை உட்கார்ந்து பார்க்கிற பெருமை தனி. இன்னொன்று, ஒரு தொட்டி முழுக்க அவளுடையதாக இருக்கட்டும். அதில் எதை நட்டாலும், மூன்று நாளில் பிடுங்கினாலும், செருப்பைப் புதைத்தாலும் நீங்கள் கை வைக்கக் கூடாது.

எப்போது தொடங்குவது என்பதற்கு மேலே சொன்ன சமையலறைப் பயிர்கள் எந்த மாதமும் சரி. மாடியில் வெண்டை, கடலை எல்லாம் தைப்பட்டத்திலோ ஆடிப்பட்டத்திலோ போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் விதைத்தால் மண்ணோடு கரையும்.

மே மாதப் பயணத்துக்கு ஏற்பாடு இப்படிச் செய்யலாம். கிளம்புவதற்கு முதல்நாள் கீரை, வெந்தயம் எல்லாவற்றையும் பிடுங்கிச் சமைத்துவிடுங்கள், அவற்றைக் காப்பாற்றப் போராட வேண்டாம். புதினா, பொன்னாங்கண்ணி, பசலைத் தொட்டிகளை பால்கனியில் வெயில் படாத மூலையில் ஒன்றாக நெருக்கிவைத்து, நடுவில் உயரமான முக்காலிமேல் ஒரு வாளித் தண்ணீரை மூடிவையுங்கள். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்துத் திரித்த துணித்திரியின் ஒரு முனை வாளியின் அடிவரை, மறுமுனை தொட்டி மண்ணுக்குள் நான்கு விரல் ஆழம். தண்ணீர் துணி வழியே ஊறி வந்துகொண்டே இருக்கும். கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பே கட்டிவைத்து வாளியில் எவ்வளவு குறைகிறது என்று பார்த்துக்கொண்டால் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு வாளி போதுமா இரண்டா என்று தெரிந்துவிடும். கற்பூரவல்லிக்கு ஒன்றும் வேண்டாம். மாடியில் இருக்கும் வெண்டையை அக்னி நட்சத்திர வெயிலில் திரி காப்பாற்றாது. காய்களைப் பறித்துக்கொள்ளலாம் என்று சொல்லி, காவலாளியிடமோ எதிர்வீட்டிலோ தினம் ஒரு வாளி ஊற்றச் சொல்லிவிட்டுப் போங்கள். ஜூனில் திரும்பி வந்ததும் ஓய்ந்துபோன செடிகளைப் பிடுங்கிவிட்டு, மண்ணைக் கொட்டி நான்கு நாள் காயவைத்து, தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கும் இரண்டு கைப்பிடி மண்புழு உரமும் கலந்து வைத்தால், ஜூலை நடுவில் ஆடி பிறக்கும்போது மறுபடி விதை ஊன்றலாம்.